சாவி என் கையில்தான் இருந்தது

கண்ணு,

முதலில் என்னை மன்னித்துக்கொள். அடுப்படியில் நின்றபடி இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கிறேன். போனில் நீ "சொல்லுங்கம்மா" என்றதும் எனக்குச் சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை. எழுதினால்தான் வார்த்தை கூப்பிட்டதும் வருகிறது. கல்யாணத்துக்கு ஏழு வாரம் இருக்கையில் அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமான கடிதம் வந்தால் உனக்குப் பயமாக இருக்கும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. பெண் வீட்டாரோடும் ஒரு மனத்தாங்கலும் இல்லை. இது நீ புதிதாக வாங்கியிருக்கும் பழைய காரைப் பற்றியது. அதைவிட அதிகமாக உன் மாமாவைப் பற்றியது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கோயம்புத்தூரிலிருந்து அந்த அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியபோது, உன் அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "ஏன்டா, இதுக்குப் பூட்டுன்னு ஒண்ணு இருக்குதா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "இருக்குதுங்கப்பா. ஆனா கல்யாணத்துக்குச் சாவி மாமா வாராருல்லங்க, அதுக்குள்ள இன்னும் நாலு பூட்டுப் போடோணும்" என்றாய். அவர் விடவில்லை. "நாலு பத்தாது. அவன மூணாறுலயே வெச்சுப் பூட்டீட்டு வா. தாலி கட்டுனதுக்கப்பறம் தெறந்து உட்டுக்கலாம்." இரண்டு பேரும் சிரித்தீர்கள். காபி டம்ளரோடு நின்றிருந்த நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இந்த ஒரு வாரமாக என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சாவி மாமா. உனக்கு ஆறு வயதிலிருந்து அதுதான் அவன் பேர். செல்வராசு என்று சொன்னால் நம் சொந்தத்திலேயே பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. உன் அப்பாருவின், என் மாமனாரின், காரில் சாவியை விட்டுவிட்டு வந்து, கார் திருட்டுப்போகக் காரணமானவன் என்பதால் வந்த பேர். அவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறான், சிரிக்கிறான். ஆனால் அந்தப் பேர் அவனுடையது இல்லை, கண்ணு. சாவி என் கையில்தான் இருந்தது. அதைத் திருடனிடம் கொடுத்தவள் நான்.

எழுதிவிட்டேன். மற்றதை மெதுவாகச் சொல்கிறேன்.

உன் அப்பாருவின் கார் நீ வாங்கியிருக்கும் அதே மாதிரிதான். ஆகாய நீலம். ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் கம்பி. அப்போதே அது பழைய வண்டி. நம் ஊர் எருத்தேன்பதியிலிருந்து கொழிஞ்சாம்பாறை போய் வருவதற்குள் வழியில் நான்கு பேராவது நிறுத்திப் பார்ப்பார்கள். "குடுக்கறீங்களா?" என்று கேட்பார்கள். உன் அப்பாருவுக்கு அது பிடிக்கும். டீக்கடையில் உட்கார்ந்து, அது எந்த மேட்டில் எப்படி ஏறியது, அடுத்து என்ன வேலை பார்க்கப் போகிறார், எப்போது ஒர்க்ஷாப்புக்குப் போகிறது என்று எல்லாவற்றையும் சொல்லுவார். சொன்னால் என்ன, நம் ஊர்தானே என்பதுதான் எண்ணம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நம் ஊர்க்காரர் அல்லாதவரும் இருந்திருக்கிறார். நீ இப்போது டீக்கடைக்குப் போவதில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் அந்தக் காரின் படத்தைப் போட்டிருக்கிறாய். உன் அடுக்குமாடியின் கேட், நம்பர் பிளேட், எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறாய் என்பது வரை அதில் தெரிகிறது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை கழுவுகிறாய் என்பதுகூட எனக்குத் தெரிகிறது. நான் பார்க்கிறேன் என்றால் யாரும் பார்க்கலாம். படம் போடாதே என்று சொல்ல மாட்டேன், ஆசையாக வாங்கிய வண்டி. ஓர் இடத்தைவிட்டு வந்த பிறகு அந்த இடத்துப் படத்தைப் போடு. நம்பரையும் கேட்டையும் மறைத்துவிட்டுப் போடு.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. உன் மாமா அப்போது நம் வீட்டில்தான் இருந்தான். அப்பாவின் கொப்பரை வேலைக்கு உதவியாக வந்தவன். காருக்குப் பிரேக் சரியில்லை என்று, ஒர்க்ஷாப்பில் சொல்லிவைத்திருந்தான். காலையில் தேங்காய் லோடோடு அவன் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது சாவியை என் கையில் கொடுத்தான். "ஒர்க்ஷாப்பு ரங்கண்ணன் பதினொரு மணிக்கு வந்து வண்டிய எடுத்துக்குவாரு. அவருகிட்ட மட்டும் குடு அக்கா. வேற ஆரு வந்தாலும் நான் வந்ததுக்கப்பறம் பாத்துக்கலாம்னு சொல்லீரு" என்றான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. உன் அப்பாரு தோட்டத்தில் இருந்தார். அப்பா கோயம்புத்தூரில். நீ பள்ளிக்கூடத்தில்.

பத்து மணி இருக்கும். வாசலில் மிளகாயைக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் நடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். கோடு போட்ட சட்டை. "ஒர்க்ஷாப்புல இருந்து வாரனுங்க" என்றார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அப்போது அவர் கையைப் பார்த்தேன். நகத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு இல்லை. ஒர்க்ஷாப் ஆள் கை அப்படி இருக்காது என்று நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரைப் பார்த்த விதமும் வேலைக்கு வந்தவர் பார்ப்பது மாதிரி இல்லை. குனிந்து சக்கரத்தைப் பார்க்கவில்லை, பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, பெண் பார்க்க வந்தவர் மாதிரி முழுசாகப் பார்த்தார். எல்லாவற்றையும் கவனித்தேன், கண்ணு. கவனிப்பது எனக்கு எப்போதும் வரும். கேட்பதுதான் வராது. ரங்கண்ணன் எங்கே, நீங்கள் யார் என்று இரண்டு கேள்வி. அந்நிய மனிதரிடம் அதைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

நம் வீட்டுக்கு மருமகளாக வந்ததிலிருந்து வருகிறவர்களிடம் நான் சொல்வது மூன்றே வார்த்தை. வாங்க, உக்காருங்க, எடுத்துக்கங்க. முறுக்குத் தட்டை நீட்டினாலும் எடுத்துக்கங்க, வெற்றிலைத் தட்டை நீட்டினாலும் எடுத்துக்கங்க. அவர் காரைப் பார்த்து முடித்துவிட்டு, "அப்ப வண்டிய எடுத்துக்கலாங்களா?" என்றார். எனக்கு அந்த மூன்றாவது வார்த்தை தானாக வந்துவிட்டது. "எடுத்துக்கங்க" என்றேன். சாவியையும் நீட்டினேன். அவர் ஏறி உட்கார்ந்து சோக்கை இழுத்த இழுப்பில் இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. நம் ஆட்களுக்கே மூன்று தடவை ஆகும். அப்போதும் நான் மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணிக்கு ரங்கண்ணன் வந்தார். "அம்மிணி, வண்டி எங்கீங்க?" என்றார். அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் வாயில் வந்தது, "தெரீலீங்க, இங்கதான் நின்னுது." அது என் முதல் பொய். உன் அப்பாரு தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். பொள்ளாச்சியிலிருந்து உன் மாமா திரும்பியபோது வாசலில் இருபது பேர். "சாவி எங்கடா?" என்று உன் அப்பாரு கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவன் குரல் மட்டும் கேட்டது. "வண்டியிலயே உட்டுட்டுப் போயிட்டனுங்க." உன் அப்பாரு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா ஊட்டுச் சோறு திங்கறவனுக்கு அடுத்தவன் வண்டியோட அருமை எப்படிடா தெரியும்?" என்றார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஏன் பேசவில்லை என்று நீ கேட்பாய். என் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். உன் அப்பாரு வருகிறவர்களிடமெல்லாம் "என்ற மருமக டிகிரிங்க" என்பார். வில்லேஜ் ஆபீசிலிருந்து வரும் மலையாளக் காகிதமோ, இங்கிலீஷ் கடிதமோ, எதுவானாலும் என்னிடம்தான் வரும். மற்றவர்கள் பேசி வாங்கிய இடத்தை நான் படித்துக்காட்டி வாங்கியிருந்தேன். படித்த பெண் திருடனுக்கு மோர் கொடுத்துச் சாவியும் கொடுத்தாள் என்று தெரிந்தால் அந்த இடம் போய்விடும் என்று பயந்தேன். அது சின்ன இடம்தான். அதற்காக என் தம்பியின் பேரைக் கொடுத்துவிட்டேன்.

இன்னும் கேவலமானது ஒன்று இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொடுத்த புகாரை எழுதியவளே நான்தான். வீட்டில் மலையாளம் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான். "சாவி வண்டியிலேயே விடப்பட்டிருந்தது" என்று மலையாளத்தில் எழுதினேன். யார் விட்டது என்று எழுதாமல் தப்பித்துக்கொள்ள அந்த வாக்கியம் உதவியது. எஸ்.ஐ. காகிதத்தைப் படித்துவிட்டு எங்கள் எல்லோரையும் பார்த்து, "ஆரெங்கிலும் கண்டோ?" என்று, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தவள் நான் ஒருத்திதான். கோடு போட்ட சட்டை, சுத்தமான நகம், போன திசை எல்லாம் எனக்குத் தெரியும். தலையை ஆட்டி இல்லை என்றேன். நம் ஊர் கேரளத்தில் இருந்தாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்நாட்டு எல்லை கொஞ்ச தூரம்தான். கோபாலபுரம் வழி போனதா, தோப்புக்குள் ஓடும் ஊடுவழியில் போனதா என்று அவர்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திரும்பியதைக் கண்ணால் பார்த்த நான் பேசாமல் இருந்தேன். பிறகு சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஆர்.சி. புத்தகம் காரின் டேஷ்போர்டுக்குள்ளேயே இருந்தது. வீட்டில் வரும் அத்தனை காகிதத்தையும் படித்தவள், அதை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. கார் கடைசிவரை கிடைக்கவில்லை.

அதனால் உன் ஆர்.சி.யை வண்டிக்குள் வைக்காதே. உன் போனில் இருக்கும் ஆர்.சி. நகல் போதாது, இஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் நேரில் பார்த்துப் படமெடுத்து எனக்கும் அனுப்பு. எந்தக் கதவில் எந்த நசுங்கல், சீட்டில் எங்கே தையல் என்பதையும் எடுத்து வை. பழைய வண்டியை முழுசாக விற்பதைவிடக் கழற்றி விற்பது சுலபமாம், விளக்கு வேறு, கிரில் வேறு, கதவு வேறு என்று போய்விடுமாம். கண்ணாடிகளின் மூலையில் வண்டி நம்பரைச் சின்னதாகச் செதுக்கித் தருகிறார்கள், அதைச் செய்துவிடு. கதவுப் பூட்டு தேய்ந்திருக்கும். அந்தக் காலத்து அம்பாசிடரை வேறொரு அம்பாசிடர் சாவி போட்டு ஆட்டினாலே திறந்துவிடலாம் என்பது உனக்கும் தெரிந்திருக்கும். பூட்டை மாற்று. ஸ்டியரிங்கையும் பிரேக் மிதியையும் சேர்த்து மாட்டும் கம்பிப் பூட்டு ஒன்று வாங்கு, வெளியிலிருந்து பார்த்தாலே அது தெரிய வேண்டும், தெரிந்தால்தான் வருகிறவன் வேறு வண்டியைத் தேடுவான். சீட்டுக்கு அடியில் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில் பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வை. சிம் போட்ட சின்ன டிராக்கரை எங்கே ஒளித்திருக்கிறாய் என்பதை மெக்கானிக்கிடம்கூடச் சொல்லாதே. நாலைந்து நாள் நிறுத்திவிட்டுப் போவதானால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள். அது இல்லாமல் இஞ்சின் இருமக்கூட இருமாது.

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று சிரிப்பாய். உன் மாமா சொன்னது. நீ கார் வாங்கிய அன்று அவனுக்குச் சொன்னேன். மறுநாள் கூப்பிட்டு அரை மணி நேரம் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன். "நான் சொன்னன்னு சொல்லாத அக்கா. நீயே எங்கியோ படிச்சதாட்டம் சொல்லு. என்ற பேரச் சொன்னா மாப்பள சிரிச்சுப்போட்டு உட்டுருவான்" என்றான்.

கார் போன இரண்டாவது மாதம் அவன் நம் வீட்டைவிட்டுப் போனான். உன் அப்பா கிடங்குச் சாவியை அவனிடம் கொடுப்பதை நிறுத்தியிருந்தார், அவனுக்கு அது போதுமாக இருந்தது. மூணாறுக்குப் பக்கத்தில் சித்திரபுரத்தில் தெரிந்தவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்து, இன்று சுற்றுலாக்காரர்களுக்குச் சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் நான் அங்கே போயிருந்தேனே, அப்போது ஒருமுறை கேட்டேன். கரண்ட் ஆபீஸ் குடியிருப்புக்குக் கீழே ஜீப்பை நிறுத்திவிட்டு, சுவிட்சை அணைத்து, இரண்டு கதவையும் இழுத்துப் பார்த்து, நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தான். அதைப் பார்க்க முடியாமல்தான் கேட்டேன்.

"ஏன்டா அன்னிக்கு அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னன்?"

"சாவிய நீ உட்டுட்டுப் போனதா."

அவன் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தான். "நீ அந்த ஊட்டுல இருக்கோணும்ல அக்கா. நான் எங்க வேணாலும் இருந்துக்குவன்" என்றான். துணியை மடித்து வைத்துவிட்டு, "இங்க ஒண்ணும் கெட்டுப்போகல. குளுருதான் ஒத்துக்கல. நம்மூரு வெயிலு இங்க ஒரு மூட்டை வந்தாப் போதும்" என்று சிரித்தான். அதற்கு மேல் என்னைப் பேசவிடவில்லை. நானும் விட்டுவிட்டேன். அப்போதாவது நான் திரும்பி வந்து உன் அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். உன் அப்பாரு அப்போது உயிரோடு இருந்தார். அவர் போன பிறகு இனி எதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால் அது வீட்டில் ஓர் ஆள் மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. எல்லோரும் அதைச் சுற்றித்தான் நடக்கிறோம்.

நேற்று அவனைக் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் வருவாய் என்று கேட்டேன். "அன்னிக்குக் காத்தால வந்து, மாமன் சீரச் செஞ்சுபோட்டு, மத்தியானப் பஸ்ஸுக்குக் கெளம்பீருவன் அக்கா. வண்டி நிக்கிற பக்கம் வர மாட்டேன்னு மாப்பளகிட்டச் சொல்லீரு" என்றான். உங்கள் கேலியை யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உன் தாய்மாமன் உன் கல்யாணத்தில் எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று தானே கணக்குப் போட்டு வைத்திருக்கிறான், கண்ணு.

உன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆறு வயதில் பெரியவர்கள் சொன்ன பேரைச் சொல்லிக் கூப்பிட்டாய், அவ்வளவுதான். உன் அப்பாவின்மேலும் இல்லை. அவருக்குத் தெரிந்த உண்மையை வைத்து அவர் நடந்துகொண்டார். அந்தத் திருடர்மேல்கூட இப்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அவர் கேட்டுத்தான் எடுத்தார். நீ இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். வண்டியை எடுக்க யார் வந்தாலும், ஒர்க்ஷாப் ஆளானாலும், வாங்க வந்தவரானாலும், ஓட்டிப் பார்க்கிறேன் என்பவரானாலும், உன்னைக் கேட்காமல் சாவி கை மாறக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவை. சொல்லிவைத்தால் மட்டும் போதாது. வரப்போகிற பெண் என்னை மாதிரிக் கூச்சப்படுகிறவளாக இருந்தால், "இருங்க, அவரைக் கூப்பிடறேன்" என்று சொல்லி, வந்தவரை வாசலில் நிறுத்திவைக்க அவளைப் பழக்கு. அது மரியாதைக் குறைவு இல்லை என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காருக்குப் பூ கட்டுகிறவர், வீடியோ எடுக்கிறவர், ஒதுக்கி நிறுத்தச் சொல்கிறவர் என்று சாவி பத்துக் கை மாறும். ஒரே ஆள் பொறுப்பில் கொடு. அதையும் மீறி ஒரு நாள் ஏதாவது போய்விட்டால், முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்ததை எல்லாம் அப்படியே சொல்லிவிடச் சொல். அவரவர் முட்டாள்தனத்தையும் சேர்த்து. ஆகாய நீலக் காரை அன்றைக்கு நான் பேசியிருந்தால் பிடித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. உன் மாமா இந்த ஊரிலேயே இருந்திருப்பான், அது தெரியும்.

இனி, நான் இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்தது. அழைப்பிதழ் வெள்ளிக்கிழமை அச்சாகி வந்துவிடும். முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. நேரில் கொண்டுபோய் வைக்க வேண்டிய அதை உன் அப்பா தபாலில் அனுப்பிவிடலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை நீ வரும்போது, சாப்பாட்டுக்கு முன்னால், அவரிடம் நான் இதைச் சொல்லப் போகிறேன். இந்தக் கடிதத்தை நீ அவருக்குப் படித்துக்காட்டினால் போதும் என்றுதான் முதலில் எழுதத் தொடங்கினேன். அவர் படித்த கொஞ்சமும் மலையாளத்தில்தான், தமிழ் எழுத்து அவருக்கு வராது, நல்ல சாக்கு. இவ்வளவு எழுதிய பிறகு அந்தச் சாக்கு எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. நானே சொல்கிறேன். நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள். நான் நடுவில் நின்றுபோவேன். அப்போது எனக்காக நீ மீதியைச் சொல்லிவிடாதே, கண்ணு. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்காதே. நான் மறுபடி பேசத் தொடங்கும் வரை, எவ்வளவு நேரமானாலும், சும்மா இரு.

அம்மா